தையல்காரர் வேடம்

அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். முதல் படத்தில் கதாநாயகிக்குச் சித்தப்பாவாக வந்தார். சொத்துப் பேச்சில் குறுக்கே பேசி, அண்ணன் கையால் ஓர் அறை வாங்கிக்கொண்டு வெளியேறுகிற ஒரே காட்சி. அறை நன்றாக விழுந்தது. பெயரும் அதோடு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு டாக்டர், தலைமை எழுத்தர், வாடகை கேட்டு வருகிற வீட்டுக்காரர், பிணம் என்று எத்தனையோ வேடம் போட்டாயிற்று. ஆனாலும் ஒப்பனை அறையில், "சித்தப்பா வந்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். அவருடைய சொந்த அண்ணன் மகளே ஒருமுறை, "உங்களை ஊரே சித்தப்பான்னு கூப்பிடுது. நான் வேற ஏதாவது கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்கள். எங்கேயோ பார்த்த முகம். ஒருவர் கடைசியில் தைரியம் வந்து கேட்டார், "நீங்க மாடிப்படியில உருண்டு செத்துப்போவீங்களே, அவர்தானே?"

"அது வேற ஆளுங்க. நான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாவேன்."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. துல்லியமாகச் சொன்னார். எந்த விஷயத்திலும் அவருக்கு அது முக்கியம்.

பகலில் மோட்டார் உதிரி பாகக் கடையில் கணக்கர். சாயங்காலம் நாடகக் குழு. யாரும் அவருக்கு நடிப்புச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துத் தானாகப் படித்ததுதான். அதில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது: வேடத்துக்கு உரியவனுடைய கை என்ன செய்யும் என்று தெரியாமல் வாயைத் திறக்க மாட்டார். எழுத்தராக நடிக்க வேண்டுமென்றால், பேனா மூடியை எங்கே வைப்பான், ரப்பர் முத்திரையை ஊதிவிட்டுக் குத்துவானா ஊதாமல் குத்துவானா என்று ஏதாவது அலுவலக வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு வருவார். குழுவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சித்தப்பாவுக்குப் பிண வேடம் கொடுத்தால் சவக்கிடங்கில் போய் ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார் என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சினிமாவில் அவர் போன்றவர்களுக்கு ஒரு வேலை உண்டு. படம் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. கதாநாயகனின் முகத்தை நெருக்கத்தில் எடுக்கும்போது, எதிரே பேசுகிறவர் காமிராவுக்குப் பக்கத்தில் நின்று தன் வசனத்தைச் சொல்ல வேண்டும். அவர் முகம் பதிவாகாது. சித்தப்பா அப்போதும் கண்ணில் நீர் வரத்தான் சொல்வார். பிறகு இவர் முகத்தை எடுக்கிற முறை வரும். நாயகன் அதற்குள் காரில் ஏறியிருப்பார். உதவி இயக்குநர் ஒருவர் காகிதத்தைப் பார்த்து, மின்கட்டண ரசீதை வாசிப்பதுபோல், "அப்பா, என்னை மன்னிச்சிடுங்க" என்று வாசிப்பார். சித்தப்பா அந்தக் காகிதத்தைப் பார்த்து அழுவார். எதிரில் சுவர் இருந்தாலும் நடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி, படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அவர்கள் வீட்டு முன்னறையில் வந்து தங்கினான். சும்மா இருக்கிறானே என்று சித்தப்பாதான் அவனை நாடகக் குழுவுக்கு அழைத்துப் போனார். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலை. எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தவன் ஒரு கட்டத்தில் தானே எழுத ஆரம்பித்தான். அப்படி எழுதியதுதான் தையல்காரர் நாடகம்.

கதை சின்னது. ஒரு தையல்காரர். அவருடைய மகன் சிறு வயதில் கோபித்துக்கொண்டு ஓடிப்போனவன். வளர்ந்து, தாடி வைத்து, ஒரு நாள் கடைக்கு வந்து சட்டை தைக்க வேண்டும் என்று நிற்கிறான். தான் யாரென்று சொல்லவில்லை. தையல்காரருக்குக் கண் மங்கிவிட்டது. அளவு எடுக்கிறார். கழுத்து, மார்பு, கை நீளம். இடது தோளுக்கு வரும்போது, சின்ன வயதில் மாடியிலிருந்து விழுந்து உடைந்து கூடின எலும்பு, கட்டைவிரலில் தட்டுகிறது. டேப்பால் அந்தத் தோளை இன்னொரு தடவை அளக்கிறார். பிறகு, "எப்ப வேணும்?" என்கிறார். "அவசரமில்லை" என்கிறான் மகன். திரை விழும். அவ்வளவுதான்.

சித்தப்பா அதற்காக ஒரு தையல் கடையில் வாரக்கணக்கில் போய் உட்கார்ந்தார். காஜா எடுப்பவர்கள் அவரை யாரோ கடன் வசூலிக்க வந்தவர் என்றே முதலில் நினைத்தார்கள். அந்த நாடகம் நடந்த அரங்குகளில் எல்லாம் அந்தக் காட்சியில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். நாடகம் முடிந்து ஒருமுறை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மைத்துனன் உணர்ச்சிவசப்பட்டு, "மாமா, என்னைக்காவது இது படமாகும். அன்னைக்குத் தையல்காரர் நீங்கதான். வேற ஆள் பண்ணினா நான் பேனாவைத் தொட மாட்டேன். அக்கா, நீதான் சாட்சி" என்றான். அக்கா சிரித்துக்கொண்டே, "முதல்ல தட்டைப் பார்த்துச் சாப்பிடு" என்றாள்.

அவன் சினிமாவுக்குப் போனான். உதவியாளனாக இருந்து இயக்குநரானான். முதல் படம் சுமாராகவும், இரண்டாவது நன்றாகவும் ஓடின. மூன்றாவதாகத் தையல்காரர் கதையை எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது.

சித்தப்பா வாயைத் திறந்து கேட்கவில்லை. தலைக்குச் சாயம் பூசுவதை மட்டும் நிறுத்தினார். தையல்காரருக்கு நரை வேண்டும். டாக்டர் வேடம் ஒன்றும் வக்கீல் வேடம் ஒன்றும் அதனால் கைநழுவிப் போயின. "தலை என்ன இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்று கேட்டவர்களிடம், ஒரு வேலையாக வளர்க்கிறேன் என்றார். பயிர் வளர்க்கிறவர் மாதிரி.

ஒரு நாள் மைத்துனன் அழைத்தான். விளக்கு அமைப்புச் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும், முன்னோட்டமாகக் காட்சியை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம், முழுசாகவே செய்துவிடுங்கள் மாமா என்றான். அன்று காலை மனைவி அவருடைய சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். வாசல் வரை வந்து, "நல்லா பண்ணுங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. பார்த்துப் போங்க, குடையை எடுத்துக்குங்க, இவைதான் அவள் வழக்கம். பெரிய வேடம் என்பதால் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வாடகைக்கு எடுத்த ஒத்திகை அறை. மைத்துனன், ஒளிப்பதிவாளர், மகன் வேடத்துக்காக நிறுத்தப்பட்ட உதவி இயக்குநர். வேறு யாரும் இல்லை. சித்தப்பா தன் டேப்பையே கொண்டுபோயிருந்தார். காட்சி நன்றாகப் போனது. தோளுக்கு வரும்போது, வியர்த்த விரலிலிருந்து டேப்பு நழுவிக் கீழே விழுந்துவிட்டது. மேடையில் ஒரு நாளும் அது விழுந்ததில்லை. அவருக்கு முட்டி வலி, குனிந்தால் எழுந்திருக்க நேரமாகும். குனியவில்லை. வேறு வழி தெரியாமல் கையை விரித்து, கழுத்தடியிலிருந்து தோள் முனை வரை சாணால் அளந்தார். எலும்பு மேட்டில் கட்டைவிரல் நின்றது. ஒரு வயது வந்த மனிதனின் தோளைச் சாணால் அளக்கிற தையல்காரன் உலகத்தில் கிடையாது. குழந்தைக்கு அப்பா அப்படி அளப்பார்.

முடிந்ததும் அவர் பதறிப்போய், "கெட்டுப்போச்சு மச்சான், இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்றார்.

"வேண்டாம் மாமா. போதும்" என்றான் அவன். அவன் கண் கலங்கியிருந்தது. சித்தப்பா அன்று பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

சில வாரங்கள் கழித்து மைத்துனன் வீட்டுக்கு வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். தயாரிப்பாளர் பிடிவாதமாக இருக்கிறார், தையல்காரர் வேடத்துக்குப் பெரியவரைத்தான் போட வேண்டும் என்கிறார், சண்டை போட்டும் பார்த்தாயிற்று என்றான். பெரியவர் என்பது இளமையில் நாயகனாக இருந்து இப்போது அப்பா வேடங்களுக்கு இறங்கிவந்திருந்த பிரபல நடிகர். இவருக்கு வேறொரு வேடம் இருக்கிறதாம். கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருக்கிற வாடிக்கையாளர். "அந்தக் காட்சி முழுக்க நீங்க ஃபிரேம்ல இருப்பீங்க மாமா" என்றான், ஏதோ சொத்தில் பங்கு பிரித்துக் கொடுப்பவன்போல.

அக்கா அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வரவேயில்லை.

சித்தப்பா யோசித்தார். வேடம் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை என்று அந்தத் தொழிலில் சொல்வார்கள். அவரே பலரை அதைச் சொல்லித் தேற்றியிருக்கிறார். பெரியவர் அதை எப்படிச் செய்கிறார் என்று பக்கத்திலிருந்து பார்க்கிற ஆசையும் கொஞ்சம் இருந்தது. சரி என்றார்.

தையல் கடையை அரங்கமாகப் போட்டிருந்தார்கள். மரக் கவுண்டர், மெஷின், துணித் துண்டுகள், ஓரமாகப் பெஞ்சு. சித்தப்பா பேப்பரைப் பிரித்து உட்கார்ந்தார். பெரியவர் வந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். கழுத்து அளந்தார், மார்பு அளந்தார். நன்றாகத்தான் இருந்தது. தோளுக்கு வந்தார். டேப்பு நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. கையை விரித்துச் சாணால் அளந்தார். கட்டைவிரல் நின்றது.

சித்தப்பா பேப்பரைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் டேக் கெட்டுவிடும். அச்செழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேடையில் பார்த்து எடுத்திருந்தால் டேப்பு விழுந்திருக்காது. கதையில் எழுதியும் இல்லை. அது அந்த வாடகை அறையில், அவருடைய வியர்வையால், அவருடைய முட்டி வலியால் நடந்தது. அதை அப்படியே இன்னொருவர் செய்ய வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான் உண்டு.

ஓகே என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். விளக்கு மாற்றுகிற இடைவெளியில் பெரியவர் நேராகப் பெஞ்சுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சித்தப்பா, பரவாயில்லையா? நீங்க அனுப்பிவச்சதைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். டேப்பு விழற இடம் இருக்கே, எனக்கெல்லாம் சத்தியமா தோணியிருக்காது. இந்தக் காலத்துல யாருங்க இப்படித் தூக்கிக் கொடுப்பாங்க? வீட்டுலயும் பெரிய மனசுன்னு உங்க மச்சான் சொன்னார். 'அவர் செஞ்சு காட்டுவார், நான் அனுப்பி வைக்கறேன்'னு உங்க சம்சாரம்தான் சொன்னாங்களாமே."

சித்தப்பா பேப்பரை நான்காக மடித்தார். "நல்லா பண்ணினீங்க" என்றார். மைத்துனன் காமிராவுக்குப் பின்னால் யாருடனோ மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மகனின் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டிய பாதி மறுநாளைக்கு என்று சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமலே கேட்டார்.

"அன்னைக்கு எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

எதைக் கேட்கிறார் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. "தெரியும்."

"முன்னாடியேவா?"

"முன்னாடியே. பெரியவர்கிட்ட பேசி முடிச்சாச்சு, மாமா ஒரு தடவை செஞ்சு காட்டினா அவருக்குப் பிடிபட்டுடும்னு தம்பி சொன்னான். நான் வேற கணக்குப் போட்டேன். நீங்க பண்றதைப் பார்த்துட்டா அவங்களுக்கே மனசு மாறிடும்னு நினைச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா போயிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லலை."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அக்காவும் தம்பியுமா சேர்ந்து என்னை வச்சு ஒத்திகை பார்த்திருக்கீங்க" என்றார். அவள் அழுதாள். அது நடிப்பில்லை என்று அவருக்குத் தெரியும். அந்த வித்தியாசம் தெரிந்தவர்தான். ஆனாலும் அன்றைக்கு அவரால் அதைப் பார்த்து இரங்க முடியவில்லை.

மறுநாள் அவர் படப்பிடிப்புக்குப் போகவில்லை. முதல் பாதியில் பெஞ்சில் ஆள் இருந்தால் மறுபாதியிலும் இருந்தாக வேண்டும். அவர் போகாவிட்டால் நேற்று எடுத்தது அத்தனையும் வீண். ஒரு துணை நடிகருக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த ஒரே பிடி. போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. பிறகு மைத்துனனே ஓடி வந்தான்.

"மாமா, ஆயிரம் இருக்கட்டும், பேசிக்கலாம். இப்ப கிளம்புங்க."

"வரேன். பெரியவர்கிட்ட போய், 'மாமா அனுப்பலை, நான்தான் சொல்லாம எடுத்துக் கொடுத்தேன்'னு உன் வாயால சொல்லு. அடுத்த நிமிஷம் பெஞ்சுல இருக்கேன்."

"அதைச் சொன்னா அவர் மேக்கப்பைக் கலைச்சுட்டுப் போயிடுவார் மாமா. கௌரவம் பார்க்கறவர். படம் நின்னுடும்."

"அப்ப அவருக்குத் தெரியக் கூடாது. எனக்கும் தெரியக் கூடாது. உங்க அக்காவுக்கு மட்டும் தெரியலாம்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு நான் கெடுதல் நினைப்பேனா மாமா?" என்றான். அவனுடைய வசனம் ஒன்றை அவனுக்கே எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாததுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

படப்பிடிப்பு நின்றிருக்கும் என்று சித்தப்பா நம்பினார். சாயங்காலத்துக்குள் அவன் பெரியவரிடம் சொல்லிவிடுவான், அவனுக்கு வேறு வழியில்லை என்று கணக்குப் போட்டார். மத்தியானத்துக்கு முன்பே வாசலில் உடைப் பிரிவுக்காரர் வந்து நின்றார். பழைய ஆள், நாடகக் காலத்திலிருந்தே பழக்கம்.

"சித்தப்பா, நேத்துப் போட்டிருந்த சட்டை வேணுமாம். உங்க சொந்தச் சட்டையாமே."

சின்ன வேடங்களுக்கு யாரும் உடை தைத்துக் கொடுப்பதில்லை. வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போவதுதான்.

"எதுக்கு?"

"உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னாங்க. உங்க வாகுல ஒரு ஆள் கிடைச்சாச்சு. பேப்பரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சா மூஞ்சி தெரியவா போகுது?" அவர் கள்ளமில்லாமல்தான் சொன்னார்.

மனைவி உள்ளிருந்து விடுவிடு என்று வந்து வாசலை மறித்து நின்றாள். "கொடுக்காதீங்க" என்றாள். "இதையும் கொடுத்துடாதீங்க."

சித்தப்பா கொடியிலிருந்து சட்டையை எடுத்தார். "இவர் என்ன பண்ணுவார்? வெறுங்கையோட போனா இவரைத்தான் நாய் மாதிரி விரட்டுவாங்க" என்று சொல்லி, அதை மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். மேல் பித்தானைத் திறந்து விடணும், நேற்று திறந்திருந்தது, மறக்காமல் சொல்லுங்க என்றும் சொன்னார்.

படம் ஓடியது. டேப்பு விழுகிற இடத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். ஒரு பேட்டியில் அந்த இடம் எப்படி வந்தது என்று கேட்டதற்குப் பெரியவர், "அந்த நொடியில தானா வந்தது" என்றார். சித்தப்பா அதைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது வானொலியில் கேட்டார். பெரியவராவது எங்கேயாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று அதுவரை அவருக்கு ஒரு நப்பாசை இருந்தது. கூட்டிக்கொண்டிருந்த பக்கத்தை மறுபடி மேலேயிருந்து கூட்டினார். அதற்குள் மறுபடி தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்திருந்தார். டாக்டர் வேடங்கள் திரும்பி வந்திருந்தன.

அவர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. மனைவி ஒரு நாள் சொல்லாமல் தனியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவர்கள் அப்போது தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"பாதிக்கு மேல பெஞ்சுல இருக்கறது நீங்க இல்லை. கையைப் பார்த்தாலே தெரியுது."

"யாராவது கவனிச்சாங்களா?"

"இல்லை."

"அவர் எப்படி?"

"நல்லாத்தான் பண்றார். ஆனா உங்களோடது மாதிரி இல்லை."

"மேடையில இருந்தது வேற. டேப்பு விழுந்ததை நீ எங்க பார்த்தே?"

"அன்னைக்கு எடுத்ததைத் தம்பி கொண்டுவந்து காட்டினான். பெரியவருக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க."

இதுவும் இருந்ததா என்பதுபோல் அவர் அவளைப் பார்த்தார். அவர் அதைப் பார்த்ததே இல்லை. கேட்டும் இல்லை. "அது எங்க இருக்கு இப்ப?"

"நானும் கேட்டேன். அழிச்சுட்டானாம். வெளியில போயிடக் கூடாதுன்னு."

அவர் எழுந்தார். ஜன்னலருகே போய் நின்றார். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அது முடிகிற வரை நின்றார். அவளை மன்னிக்கிற எண்ணம் எதுவும் அவருக்கு வரவில்லை. வருமென்றும் தோன்றவில்லை. ஆனால் அவளைத் தவிர வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாது.

"எப்படி இருந்தது?" என்றார், திரும்பாமல்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். கழுத்தளவு எடுக்கும்போது அவர் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதிலிருந்து.